ஏறிவிட்டால் ஷிப்ட் முடிந்தது

நெய்வேலியில் ஏறுவதற்கு ஒன்றும் கிடையாது. இறங்குவதற்குத்தான் இருக்கிறது. டவுன்ஷிப் முழுக்கத் தட்டையான தரை. அதை விட்டால் சுரங்கம் என்கிற பெரும்பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் மேலே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பெல்ட் ஓரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். எந்த உருளை கீச்சிடுகிறது, பெல்ட் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் ஊர் கம்மாபுரம் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்ததற்கு வந்த வேலை இது. எங்கள் கொல்லை மண்ணையே ஒருநாள் என் பெல்ட்டில் ஏற்றி அனுப்பியிருப்பேன். மண்ணுக்கு அடையாளமா இருக்கிறது? எல்லாம் ஒரே சிவப்பு.

மலை என்றால் எனக்குப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது. திருவண்ணாமலையைச் சுற்றியிருக்கிறேன், ஏறியதில்லை. அப்படிப்பட்டவன் போன மார்கழிப் பிறப்பில், ஊட்டிக்கும் அப்பால் ஒரு மலையில், உறைபனியில் நடந்துவிட்டு வந்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு போனது என் மனைவி. நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன் என்று மலை உச்சி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் காடாம்புலியூர்க்காரி. முந்திரிக் காட்டுக்கும் பலா மரத்துக்கும் நடுவில் வளர்ந்தவள். டவுன்ஷிப்பில் ஒரு பாலர் பள்ளியில் டீச்சர். முந்தின வருடம் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. அந்த நோயின் பெயரைச் சொல்ல எங்கள் பிளாக்கில் யாருக்கும் வாய் வராது. ‘அது’ என்பார்கள். புதுச்சேரியில் ஆபரேஷன், பிறகு மருந்து ஏற்றுவது, பிறகு கரண்ட் வைப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. முடி கொட்டியது. திரும்ப வளர்ந்தபோது, அதுவரை நேராக இருந்த முடி சுருட்டையாக வந்தது. அவள் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

எல்லாம் முடிந்து கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் சொன்னார்: இனிப் பயப்பட ஒன்றுமில்லை, முடிந்த வரைக்கும் நடங்கள், இடது கையில் மட்டும் பாரம் தூக்க வேண்டாம். முதல் பாதி அவள் காதில் விழுந்தது. இரண்டாம் பாதி என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவளை நான் பாரம் தூக்க விடவில்லை. பாரம் என்றால் தண்ணீர் வாளி மட்டுமில்லை. கறிகாய்ப் பை, மடித்து வைத்த துணி, சில சமயம் காப்பி டம்ளர். படி ஏறினால் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். சாலையைக் கடந்தால் பிடித்துக்கொள்வேன். சும்மா நின்றாலும் பிடித்துக்கொள்வேன். ‘முடியுதா?’ என்ற கேள்வி எங்கள் வீட்டில் நாள் முழுக்க ஓடியது. எதிரில் யார் வந்தாலும், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவளுக்கு உடம்பு முடியவில்லை, ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள் என்று நானே சொல்லிவிடுவேன். பெல்ட் ஒருதரம் கிழிந்து ஒட்டப்பட்டிருந்தால், அந்த ஒட்டு இருக்கும் இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் நின்று பார்ப்போம். அந்த வேலைப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. அதன் அடியில் இருந்தது பயம்தான், வேறொன்றுமில்லை. அவள் இல்லாமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பிரச்சினை ஒரு நாற்காலியில் வந்து நின்றது. பாலர் பள்ளியில் டீச்சர்கள் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துதான் பாடம் நடத்துவார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பது அவளுக்குச் சிரமம் என்று நானாக முடிவு செய்து, அவளுக்குத் தெரியாமல் தலைமை ஆசிரியையைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தேன். மறுநாள் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். டீச்சர் ஏன் எங்ககூட உக்காரல, கோவமா என்று ஒரு குழந்தை கேட்டதாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் எனக்கு எதிரில் நின்றாள்.

“நான் பொழச்சிட்டங்க. ஆஸ்பத்திரிய வுட்டு வந்தாச்சு. நீங்கதான் என்னை இன்னும் அங்கயே படுக்க வச்சிகினு இருக்கீங்க.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் களைத்துப்போன குரலில் சொன்னாள்.

அந்த வாரத்திலேயே மகளிடமிருந்து போன் வந்தது. அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். தனக்கும் தோழிக்குமாக வனத்துறையின் மலை நடைக்குப் பதிவு செய்திருந்தாளாம், இப்போது லீவு கிடைக்கவில்லையாம், தெரிந்தவர்கள் யாராவது போகிறார்களா என்று கேட்டாள். நான் போறேன் என்றாள் என் மனைவி. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

டாக்டரைக் கேட்போம் என்றேன். அவர் கூடாது என்பார் என்று மலை போல நம்பினேன். அவரோ, நல்லதுதான், குளிருக்கு மட்டும் உடம்பை நன்றாக மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த டாக்டர் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. வேறு வழி இல்லாமல் நானும் வருகிறேன் என்றேன். வரலாம், ஆனால் ஒரு பேச்சு இருக்கிறது என்று என்னை உட்கார வைத்தாள்.

“என் கால்லயே மேல ஏறி, என் கால்லயே கீழ எறங்கிட்டன்னா, அன்னியிலேர்ந்து நீங்க என்னைப் புடிக்கக் கூடாது. யாருகிட்டயும் என் ஒடம்பப் பத்திப் பேசக் கூடாது. பாதியில திரும்பிட்டன்னா, நீங்க போட்ட நாற்காலியில நானே போய் உக்காந்துக்கறேன்.”

இன்னொன்றும் சேர்த்தாள். மலையில் இருக்கும் வரைக்கும் ‘முடியுதா?’ என்று நான் கேட்கக் கூடாது.

ஒப்புக்கொண்டேன். பாதி வழியில் அவளே திரும்பிவிடுவாள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அவள் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் ஜெயித்துவிட்டால் அதற்கப்புறம் என் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தட்டை ஊரில் மலைக்கு எப்படிப் பழகுவது? விளையாட்டு மைதானத்தில் பார்வையாளர்கள் உட்காரும் படிக்கட்டு இருக்கிறது. அவள் தினமும் விடியற்காலையில் அங்கே போய் ஏறி இறங்க ஆரம்பித்தாள். நான் முதல் ஷிப்ட் இல்லாத நாட்களில் கூடப் போவேன். அவள் ஏறும்போது நானும் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டே ஏறுவேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் என்னைக் கீழேயே உட்காரச் சொல்லிவிட்டாள். எனக்குப் பழக்கம் தேவையில்லை என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். சுரங்கத்தில் காலம் பூராவும் ஏறி இறங்கிய கால் இது. இதற்குப் படிக்கட்டா கற்றுக்கொடுக்க வேண்டும்?

ஷூ விஷயத்திலும் எனக்கு அதே மிதப்பு. அவள் கடைக்குப் போய் லேசான, அடிப்பக்கம் முள் முள்ளாக இருக்கும் நடை ஷூ ஒன்று வாங்கி வந்தாள். கையில் தூக்கினால் காகிதம் போல இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு கோலம் போடத்தான் போகலாம் என்று கிண்டல் செய்தேன். எனக்கு என் சேஃப்டி ஷூ இருக்கிறது. மூக்கில் இரும்புக் கவசம் வைத்தது. பாறாங்கல் விழுந்தாலும் விரலுக்கு ஒன்றும் ஆகாது. சுரங்கத்து மழைச் சேற்றிலேயே நிற்கிற ஷூ மலையில் நிற்காதா என்று அதையே பாலிஷ் போட்டு எடுத்து வைத்தேன். கூடவே டார்ச், விசில், கயிறு, குளுக்கோஸ் பாக்கெட். என் ஷிப்ட் பை நிறைந்துவிட்டது. மலைக்குப் போவது போலவே இல்லை, பிரேக்டவுன் பார்க்கப் போவது போல இருக்கிறது என்றாள்.

குளிர் எங்களுக்குப் புதிதில்லை என்றுதான் நினைத்திருந்தோம். மார்கழியில் நெய்வேலியிலும் பனி இறங்கும். குரங்குக் குல்லாயும் மப்ளருமாகத்தான் முதல் ஷிப்டுக்குப் போவோம். ஊட்டியைத் தாண்டி அந்த அடிவார விடுதியில் விடிந்தபோதுதான், நாங்கள் இத்தனை காலம் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தது என்ன என்று தெரிந்தது. பல் தேய்க்கக் குழாயைத் திறந்தேன். ஈறு மரத்துப்போய், வாய் என்னுடையதாகவே இல்லை. அவள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கம்பளிக் குல்லாயைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு வாசலில் நின்றிருந்தாள். முடியுதா என்று கேட்க வாயெடுத்து, இட்லி கிடைக்குமா என்று மாற்றிக்கொண்டேன்.

நடை தொடங்கும் இடத்தில் ஒரு புல்வெளி. புல் முழுக்க வெளுத்துக் கிடந்தது. அனல்மின் நிலைய ஊர்க்காரன் இல்லையா, முதலில் சாம்பல் படிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்தும் இது விடவில்லையே என்று அலுப்பாகக்கூட இருந்தது. அவளும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். வீட்டில் ஜன்னல் கட்டையில் தடவிப் பார்ப்பாளே, அதே போலக் குனிந்து கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் புல்லைத் தடவினாள். உடனே விரலை இழுத்துக்கொண்டாள். பிறகு திரும்பவும் தடவி, அந்த விரலை என் கன்னத்தில் வைத்தாள். ஐயோ என்று துள்ளினேன். சாம்பல் இல்லைங்க, ஐஸுங்க என்றாள். கல்யாணமான புதிதில் பண்ருட்டிக் கடைத்தெருவில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தபோது இருந்த முகம் அது.

எங்களோடு வந்த மற்றவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள். முதல் திருப்பத்திலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். அவர்களோடு ஒரு வழிகாட்டி போனார். கடைசியில் வருகிறவர்களுக்கென்று இன்னொரு வழிகாட்டி. என் வயது இருக்கும், நன்றாகப் பேசுகிற மனிதர். நாங்கள்தான் கடைசி.

முதலில் சீகை மரக் காடு, கிட்டத்தட்ட சமதளம். அப்புறம் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் ஏற்றம். நான் என் சுரங்க ஞானத்தை அவிழ்த்துவிட்டேன். சுரங்கத்தில் போகும்போது இறக்கம், சும்மா இருந்தாலே கால் இழுத்துக்கொண்டு போகும். வேலை முடிந்து திரும்பும்போதுதான் ஏற்றம். வண்டி சேற்றில் மாட்டிக்கொள்ளும் மழை நாட்களில் ரொம்ப தூரம் நடந்தே மேலே வந்திருக்கிறோம். அதனால் தெம்பைக் கடைசி ஏற்றத்துக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும், முன்னாலேயே செலவழிக்கக் கூடாது என்று வழிகாட்டியிடம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். இங்க கொஞ்சம் தலைகீழுங்க சார் என்று ஏதோ ஆரம்பித்தார். நான் அதற்குள் அடுத்த கதைக்குப் போய்விட்டேன்.

அவள் ஒரே சீராக நடந்தாள். நான் பின்னாலிருந்து அவள் மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு வந்தேன். கேட்கக் கூடாத கேள்வியை வேறு வேறு சட்டை போட்டு அனுப்பிப் பார்த்தேன். தண்ணீர் வேண்டுமா? ஷூ கடிக்கிறதா? இந்த இடம் ரொம்ப அழகாக இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாமா? முதல் இரண்டுக்கும் வேண்டாம், இல்லை என்றாள். மூன்றாவதற்குத் திரும்பி என்னைப் பார்த்தாள். அது ஒரு மொட்டைச் சரிவு. அழகு என்று சொல்ல ஒரு கள்ளிகூட இல்லை.

அதற்கு மேலே மரங்கள் அடர்ந்த ஒரு சோலைக் காடு, அதற்குள் நுழைந்து வெளியே வந்ததும் ஒரு செங்குத்தான இடம். புல்தரையில் வெட்டிய ஒற்றையடிப் பாதை, நேராக மேலே போகிறது. அதில் பாதி ஏறியதும் அவள் நின்றுவிட்டாள். குனிந்து முழங்காலில் கை ஊன்றிக்கொண்டாள். முதுகு ஏறி இறங்கியது. இழுத்து விடும் மூச்சின் சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது. வழிகாட்டி என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரும் சரி என்பார். மிச்சம் இருந்த வாழ்க்கைக்கும் அவள் என் கைக்குள் பத்திரமாக இருப்பாள். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேலேதான் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு, பக்கத்துப் பாறையில் இருந்த பாசியை ஆராய்ந்தேன். அவ்வளவு நேரம் ஒரு பாசியை நான் பார்த்ததே இல்லை.

அவள் மறுபடி நடந்தாள். உச்சிக்குப் போய்விட்டாள்.

மேலே ஒரே புல். நாலா பக்கமும் மலை மடிப்புகள். பள்ளங்களில் மேகம் அடைத்துக் கிடந்தது. முன்னால் போன பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும் கை தட்டினார்கள். அவள் குல்லாயைக் கழற்றினாள். சுருட்டை முடி காற்றில் எழும்பியது. அதை அடக்கக்கூட முயற்சி செய்யாமல் அப்படியே நின்றாள். வேலை பெர்மனென்ட் ஆன அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. நான் கணக்குப் போட்டபடி நடக்காததில் எனக்கு இத்தனை சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

அங்கேதான் நான் மண்ணைக் கவ்வினேன்.

என் உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மேலே வந்துவிட்டால் ஷிப்ட் முடிந்தது. சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வந்தால் அங்கே டீக்கடை இருக்கும், பஸ் நிற்கும், வீடு இருக்கும். காலம் பூராவும் அப்படியே பழகிவிட்டது. உச்சிக்கு வந்ததும் என் கால்கள் தாமாகவே டியூட்டியை முடித்துக்கொண்டன. ஜெர்கினைக் கழற்றிப் போட்டேன், வியர்த்துக் கொட்டியது. ஈரப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தேன். பிளாஸ்கில் இருந்த காப்பியை அந்தப் பிள்ளைகளுக்கும் ஊற்றிக்கொடுத்து நானும் குடித்தேன். தண்ணீரையும் காலி செய்தேன். காடாம்புலியூர் முந்திரிப் பருப்பு ஒரு பொட்டலம் இருந்தது. அதையும் எல்லாருக்கும் வாரிக் கொடுத்தேன். குளுக்கோஸைக்கூட ஆளுக்கொரு வாய் போடச் சொன்னேன். அவள் தன் டப்பாவில் பாதிதான் சாப்பிட்டாள். மூடி பைக்குள் வைத்துவிட்டு, இன்னும் எறங்கணுமேங்க என்றாள். என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. வந்தாச்சே, இனி என்ன என்று படுத்துவிட்டேன்.

காற்று திரும்பியது. பள்ளத்தில் கிடந்த மேகம் எழுந்து எங்களை மூடியது. உடம்பில் இருந்த வியர்வை அப்படியே சில்லிட்டது. கிளம்பலாம் என்று வழிகாட்டி கூப்பிட்டபோது ஜெர்கினை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். தொடை இரண்டும் மரக்கட்டையாக இருந்தன.

இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சேஃப்டி ஷூவின் குணம் தெரிந்தது. ஏறும்போது பாதம் பின்னால் சாயும், ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் விரல்கள் எல்லாம் முன்னால் போய் அந்த இரும்புக் கவசத்தில் இடிக்கின்றன. பாறாங்கல் மேலிருந்து விழுந்தால்தான் அது காப்பாற்றும். நானே உள்ளிருந்து போய் இடித்துக்கொண்டால் அதற்கு என்ன தெரியும். காலையில் உறைந்து கிடந்த பாதை இப்போது உருகிச் சேறாகியிருந்தது. முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. வண்டியில் சுரங்கத்துக்குள் இறங்கி வண்டியிலேயே மேலே வரும் சொகுசு வந்து ரொம்ப வருடமாகிவிட்டது என்பதை, கால் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. செங்குத்தான அந்த இடத்துக்கு வந்ததும் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். அடி படவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை.

வழிகாட்டி ஓடி வந்து கை கொடுத்தார். பையை வாங்கிக்கொள்ளட்டுமா சார் என்றார். வேண்டாம் வேண்டாம் என்று வீம்பு பண்ணினேன். அவள் அவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மூடி வைத்திருந்த டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

“முடியுதா?” என்றாள்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தத் தடை எனக்கு மட்டும்தான், அவளுக்கில்லை என்று சொன்னாள். நானும் சிரித்தேன். முடியுது, முடியுது என்றேன், பச்சைப் பொய். போன வருடம் முழுக்க அவள் எனக்குச் சொன்ன பதில்களில் எத்தனை இந்த ரகமோ என்று அப்போது தோன்றியது. சாப்பிட்டுக்கொண்டே அதை யோசித்தேன், அவளிடம் கேட்கவில்லை.

பையை அவளே வாங்கி வலது தோளில் போட்டுக்கொண்டாள். நான் பதறவில்லை, பதறத் தெம்பில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, குறுக்காகக் கால் வைக்கச் சொல்லி, ஓர் எட்டு அவள், ஓர் எட்டு நான் என்று இறக்கிக்கொண்டு போனாள். மைதானத்துப் படிக்கட்டில் ஏறியது மட்டுமில்லை, இறங்கியும் பழகியிருக்கிறாள். கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கண்ணில் அது படவே இல்லை. எதிர்ச் சரிவில் காட்டெருமைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்ததாம். பாருங்க பாருங்க என்றாள். என்னால் நிமிர முடியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறவர்களோடு நடக்கும்போது மலையா, மேகமா, ஒன்றும் தெரிவதில்லை. கீழே அடுத்து எங்கே கால் வைப்பது என்பது மட்டும்தான் தெரிகிறது. அவள் பிடி வலிக்கவில்லை, இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. அவள் மேல் இல்லை. குழந்தையைப் போல நடக்க வேண்டியிருக்கிறதே என்று என் மேலேயே.

ஓடையைத் தாண்டினோம். சீகை மரக் காடு வந்தது. பாதை சமமாகிவிட்டது. நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

“விடு. நானே வர்றேன்” என்றேன்.

கையை எடுத்துவிட்டாள். சொன்ன அந்த நொடியே. நிஜமாகவா என்று கேட்கவில்லை. பார்த்து வாங்க என்று சொல்லவில்லை. கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டும் வரவில்லை. பையைச் சரி செய்துகொண்டு முன்னால் போய்விட்டாள். மரங்களுக்கு நடுவே அவள் முதுகு போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அங்கேயே நிற்க வேண்டும் போல் இருந்தது. விடுங்க, விடுங்க என்று அவள் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். மாடிப்படியில், கடைத்தெருவில், பள்ளிக்கூட வாசலில். ஒரு தடவைகூட நான் விட்டதில்லை.

முன்னால் ஒரு வளைவு, நிழலில் சேறு காயாமல் இருந்தது. அதில் அவள் கால் சறுக்கியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. என் கை தானாக முன்னால் நீண்டது. எட்டாத தூரம். கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் அவள் பக்கத்து மரத்தைத் தொட்டு நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பயமாகத்தான் இருந்தது. நீட்டிய கையை ஜெர்கின் பைக்குள் வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.